பெருநெருப்பு – 9: சக்கரம் பூட்டிய அடுப்பு

நாகலகம் வீதியில் களனி கங்கையின் நீர்மட்டம் 5 அடியைத் தாண்டினால் வெள்ளம், 7 அடியைத் தாண்டினால் பெருவெள்ளம். தெமட்டகொடையில் இந்தக் கணக்கு பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 2016 மே மாதத்திலும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடும் ஆறு பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்துச் சனம் உடுத்த உடுப்போடு வெளியேறியது. பாடசாலை, பள்ளிவாசல், விகாரை என்று தரை உயர்ந்த இடமாகப் பார்த்து ஒதுங்கியது. அப்படி வந்தவர்களிடம் முதல் நாள் அரிசி மூட்டையைக் கொடுத்து என்ன பயன்? அடுப்பும் பானையும் வீட்டோடு தண்ணீருக்குள். அவர்களுக்கு வேண்டியது சமைத்த சாப்பாடு.

சமைக்க ஆளில்லை என்று இந்தப் பக்கத்தில் யாரும் சொல்ல முடியாது. நோன்பு மாதம் முழுவதும் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சுகிறார்கள். வெசாக்கில் தெருவுக்குத் தெரு தன்சல். கோயில் திருவிழா என்றால் அன்னதானம். ஐந்நூறு பேருக்கு உப்புப் பார்க்கத் தெரிந்த கைகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றன. ஒரு பிற்பகல் கஞ்சி காய்ச்சும் இடத்தில் நின்று பாருங்கள். அரிசி குழைந்து தேங்காய்ப்பால் விடும் நேரம் வந்ததும், துடுப்பைப் பிடித்திருப்பவர் பேச்சை நிறுத்திவிடுவார். கிடாரத்தின் அடியை ஒரே சீராகச் சுரண்டிக்கொண்டே இருப்பார். ஒரு நிமிடம் கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். அந்த மணம் கிடாரம் முழுவதும் ஏறிவிடும். விறகு நெருப்பு ஒரு பக்கம் எகிறும், மறுபக்கம் அடங்கும். அதைக் கைதான் சரிக்கட்டுகிறது.

இதையே கொட்டும் மழையில், தறப்பாளுக்குக் கீழே, செங்கல் அடுக்கி, நனைந்த விறகில் செய்வதென்றால்? காஸ் அடுப்பை நம்பலாம் என்பவர்களுக்கு 2022ஆம் ஆண்டு நினைவிருக்கும். சிலிண்டருக்கு வரிசையில் நின்றோம். அந்த ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. இடம்விட்டு இடம் இழுத்துப் போகக்கூடிய, மழையில் அணையாத, கிடைத்த எரிபொருளில் எரியக்கூடிய ஓர் அடுப்பு இந்த ஊருக்குத் தேவை. அப்படிப்பட்ட அடுப்புகளை இராணுவங்கள் நூறு வருடங்களுக்கு மேலாகச் செய்துவருகின்றன. பழசானதும் ஏலத்தில் விற்றுவிடுகின்றன.

அந்த அடுப்பின் வம்சம் பஞ்சத்தில் தொடங்குகிறது. அலெக்சிஸ் சோயர் என்ற பிரெஞ்சுக்காரர், லண்டனில் பெரிய மனிதர்கள் கூடும் ரிஃபோர்ம் கிளப்பின் தலைமைச் சமையல்காரர். 1847இல் அயர்லாந்து பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது டப்ளினுக்குப் போனார். 300 கலன் கொள்ளும் கொதிகலன் ஒன்றை நடுவில் வைத்து, நூறு பேர் ஒரே பந்தியில் உட்காரும் கஞ்சித்தொட்டியைக் கட்டினார். எட்டு வருடம் கழித்துக் கிரிமியப் போர்முனையில் நெருப்பை உருளைக்குள் அடைத்த அடுப்பைக் கொடுத்தார். வெளிச்சம் எதிரிக்குத் தெரியாது, மழை உள்ளே போகாது, விறகு குறைவாகச் செல்லும். பிரித்தானியப் படை அந்த அடுப்பை நூற்றாண்டுக்கு மேல் விடவில்லை. 1892இல் ஜெர்மனியில் கார்ல் பிலிப் ஃபிஸ்லரின் பட்டறையில் சமையலறைக்கே சக்கரம் பூட்டினார்கள். ஏழைக்குக் கஞ்சி ஊற்றிய கைவேலைதான் பிறகு சிப்பாய்க்குப் போனது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்று பழைய சாமானாகக் கைமாறும் வண்டிகளில் மூன்று வகை முக்கியம். ஜெர்மன் கேர்ச்சர் நிறுவனத்தின் டி.எஃப்.கே. 250, பெயரிலுள்ளபடி 250 பேருக்கானது. அமெரிக்க ட்ரெயிலர் பெரியது. ஆனால் அதன் பழைய பேர்னர் அழுத்தம் ஏற்றிய பெற்றோலில் எரிவது. சனம் நெருங்கி நிற்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம். என் தெரிவு ரஷ்யாவின் கே.பி. 125. விறகும் எரியும், நிலக்கரியும் எரியும், எண்ணெயும் எரியும். சூப்புக்கு, கூழுக்கு, தேநீருக்கு என்று தனித்தனிக் கலன். நம் கணக்கில் ஒன்றில் பருப்பு, ஒன்றில் சோறு, ஒன்றில் பிளேன்டீ. ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று வைத்தால் 125 பேருக்கு 16 கிலோ.

வண்டி வந்து இறங்கியதும் பெயின்ட் அடிக்க ஓடக் கூடாது. முதலில் கதவு விளிம்பைப் பாருங்கள். அங்கே சாம்பல் வெள்ளை நிறத்தில் ஒரு முறுக்குக் கயிறு பதிந்திருக்கும். பழைய வண்டி என்றால் அது அஸ்பெஸ்டஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ந்தபடி சுரண்டினால் தூசு நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். நன்றாக நனைத்து, தகுந்த முகக்கவசத்தோடு எடுத்து, இரட்டைப் பையில் கட்டி, கண்ணாடி இழைக் கயிற்றைப் பதிக்க வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் கிரைண்டரால் உரசுவதும் ஆபத்து.

அடுத்தது கலன். பழைய ஜெர்மன் வண்டிகளில் பெரிய கலனுக்கு இரட்டைச் சுவர், நடுவில் கிளிசரின். நெருப்பு நேரடியாகச் சாப்பாட்டைத் தொடாது. கஞ்சிக்காரர் கையால் செய்கிற வேலையை அந்தக் கிளிசரின் செய்துவிடுகிறது. ஆனால் முந்திய சொந்தக்காரர் கிளிசரினுக்குப் பதில் எஞ்சின் கூலன்ட் ஊற்றியிருந்தால்? உட்சுவரில் ஊசிமுனைத் துளை போதும், விஷம் சோற்றில் இறங்க. ஆகவே பழையதை முழுக்க வடித்து, தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்த்து, கசிவில்லை என்று உறுதியான பிறகுதான் உணவுத் தரக் கிளிசரின். உட்பக்க ஒட்டுக்கு ஈயப்பற்று ஆகாது; துருப்பிடிக்காத உருக்கென்றால் ஆர்கன் வெல்டிங் தெரிந்த பாஸ் வேண்டும். ரயில் எஞ்சின் கொட்டகை இருக்கிற தெமட்டகொடையில் இரும்போடு வாழ்ந்த கைகளுக்குக் குறைவில்லை.

மற்றவை சில்லறை வேலை. படைவாகனத்தின் 24 வோல்ட் விளக்குகளை 12க்கு மாற்றுவது, கொழுவும் வளையத்தை எடுத்துவிட்டு நம் பிக்கப்புக்குப் பொருந்தும் 50 மில்லிமீற்றர் உருண்டைக் கொழுக்கி போடுவது, பேரிங் தேடுவது. எல்லாவற்றுக்கும் பஞ்சிகாவத்தை கூப்பிடு தூரம். டயரில் கட்டை தேய்ந்திருக்காது, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், வாரமும் வருடமும். பதிவு, காப்புறுதி இல்லாமல் தெருவில் இழுக்கவும் கூடாது.

சமையலும் கொஞ்சம் மாற வேண்டும். இறுக மூடிய கலனில் ஆவி வெளியேறாது, திறந்த கிடாரத்துக் கணக்கில் தண்ணீர் வைத்தால் சோறு களியாகும். தண்ணீரைக் குறைத்து, நெருப்பை முன்னதாகவே இழுத்துவிட்டு, கலனின் சூட்டிலேயே விட வேண்டும். புரியாணிக்குத் தம் போடத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளத்துக்கென்று மட்டும் மூடிவைத்தால் இந்த வண்டி உதவாது. சீல் காய்ந்துவிடும், பேர்னர் துளையில் குளவி மண் வைக்கும். 2016இல் வெள்ளம் வந்தது வெசாக்குக்கு முந்திய வாரம். தென்மேற்குப் பருவக்காற்றும் தன்சலும் ஒரே காலத்தில் வருகிறவை. நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல், வெசாக்குக்கு விகாரை, ஆடிவேலுக்குக் கோயில் என்று ஒரே வண்டியை மாறி மாறி எடுத்தால், பத்துப் பதினைந்து பேருக்கு அதன் மூடியும் வால்வும் கைப்பழக்கமாகிவிடும். தன்சலுக்குப் பதியும்போது வருகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் அதை அப்போதே பார்த்துவிடுவார். தண்ணீர் பவுசர் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், மேடான தரையில், கூரைக்குக் கீழே நிறுத்த வேண்டும். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது.

(தொடரும்)