பதினெட்டுக்கு அப்பால் – 11: இறுகிய தசைக்குள் ஒரு மனிதச் சங்கிலி

வட்டார வள மையமும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையமும் ஒரே பிறந்தநாளில் எப்படிக் கையை விட்டுவிடுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 18 முடிந்த பிறகு பிசியோதெரபிக்கு வீட்டுக்கு யார் வருவார்கள் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன் தசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வாரம் நான் படித்ததெல்லாம் அதுதான். அது தெரியாமல், வீட்டுக்கு வருகிறவர் என்ன செய்ய வேண்டும் என்று பேசுவதில் பொருளில்லை.

மூளை முடக்குவாதத்தோடு வளர்ந்த ஒருவரின் கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள். இறுகிக் கிடக்கும். குதிகால் தரையில் படாது. முழங்கால் முழுதாக நீளாது. தசை சுருங்கிப்போய்விட்டது, இழுத்துவிட்டால் நீளும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறோம். எத்தனையோ அம்மாக்கள் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து, பிள்ளையின் காலை மடியில் போட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணியபடி இழுத்திருக்கிறார்கள். வருடக்கணக்கில். தசை உள்ளே என்ன நிலையில் இருக்கிறது என்று உயிரோடிருக்கும் மனிதரிடம் அளந்து பார்க்க வழி கிடைத்தது மிகவும் பின்னால்தான்.

தசையின் மிகச் சிறிய இயங்கும் அலகுக்கு சார்கோமியர் என்று பெயர். மனிதத் தசையில் அது மிக நன்றாக வேலை செய்யும் நீளம் சுமார் 2.7 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவற்றை அடுக்கிவிடலாம். இவை ஒன்றன்பின் ஒன்றாகச் சீரான இடைவெளியில் வரிசைகட்டி நிற்பதால், தசையின் ஊடே லேசர் கதிரைச் செலுத்தினால் ஒளி சிதறிக் கோடு கோடாக விழும். கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை வைத்து ஒவ்வொரு அலகும் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று கணக்கிடலாம். அமெரிக்காவின் ரிச்சர்ட் லீபரும் சுவீடனின் கை அறுவை மருத்துவர் யான் ஃப்ரிடேனும் இதை அறுவை அரங்குக்குள்ளேயே கொண்டுபோனார்கள். தசைநாணை இடம் மாற்றுவதற்காக மணிக்கட்டைத் திறந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் லேசரை வைத்து அளந்தார்கள். 2011இல் லீபரின் குழு, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளின் தொடையின் பின்பக்கத் தசையையும் அளந்து வெளியிட்டது.

சுருங்கியிருக்கும் என்று எல்லோரும் நம்பிய அந்தத் தசைக்குள், ஒவ்வொரு சார்கோமியரும் அளவுக்கு மீறி இழுபட்டு நின்றது!

மனிதச் சங்கிலிப் போராட்டங்களைப் பார்த்திருப்போம். ஒரு தெருவை நிறைக்க நூறு பேர் வேண்டும். வந்தவர்கள் அறுபது பேர் என்று வையுங்கள். கைகோத்துத் தெருவை எட்டிவிடலாம். ஆனால் ஒவ்வொருவர் கையும் தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதுபோல விறைத்து நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் சங்கிலி இறுக்கமாகத் தெரியும். அந்த நிலையில் நிற்பவரிடம் ஒரு குடத்தைத் தூக்கச் சொன்னால் முடியாது. இந்தத் தசையும் அப்படித்தான். எலும்பு வளர வளர, வரிசையில் புதிய அலகுகள் வந்து சேர வேண்டும். போதுமான அளவு சேரவில்லை. இருப்பவை எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் தடித்து விறைத்துவிடுகிறது. இறுக்கமும் பலவீனமும் ஒரே தசையில் இருப்பது இப்படித்தான்.

அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். தசை வளரவும் பழுது பார்க்கவும் தேவையான துணைச் செல்கள், இயல்பான தசையில் இருப்பதில் பாதிக்கும் குறைவாகவே இந்தத் தசையில் இருந்தன. வரிசையில் புதிய ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியவர்களே குறைவு. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உடற்பயிற்சியில் சோம்பல், அம்மாவின் கவனக்குறைவு, ‘இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா நடந்திருப்பான்’ என்று எத்தனை குடும்பங்களின் தலையில் எவ்வளவு பழியைச் சுமத்தியிருக்கிறோம்!

இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய ஒன்று, 2017இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. மூட்டு இறுக்கத்துக்குத் தசையை இழுத்துவிடும் சிகிச்சையைப் பற்றியது. நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு, சில மாதங்கள் செய்த இழுப்புப் பயிற்சியால் மூட்டின் அசைவில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்பது அதன் முடிவு. உடனே இழுப்பதை நிறுத்திவிடாதீர்கள். சட்டை மாட்டவும், இடுக்குகளைச் சுத்தம் செய்யவும், வலி குறையவும் கை கால்களை மெதுவாக அசைத்துவிடுவது தேவைதான். ஆனால் பெரியவர் ஒருவருக்கான பிசியோதெரபி என்றால் வாரம் ஒருமுறை வந்து கால் மணி நேரம் காலை இழுத்துவிட்டுப் போவது என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மிச்சமிருக்கும் தசைக்கு வலுவேற்றும் பயிற்சி, நிற்கும் நேரம், சக்கர நாற்காலியில் உட்காரும் வாகு, களைப்பு வராமல் நாளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை, வலிக்கு மருத்துவம், அளவு சரியில்லாத காலிப்பரை மாற்றுவது இவை எல்லாம் சேர்ந்ததே அந்தச் சிகிச்சை.

அது வேண்டியிருப்பது குழந்தைப் பருவத்தோடு முடிவதும் இல்லை. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு வளராது, அப்படியே நிற்கும். மருத்துவப் புத்தகம் சொல்வது சரி. உடம்பு அப்படியே நிற்பதில்லை. மூளை முடக்குவாதத்தோடு நடப்பவருக்கு அதே தூரத்தைக் கடக்க மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி செலவாகலாம். இருபது வயதில் அதைச் சமாளித்துவிடலாம். மூட்டுகள் தேய்ந்து, எடை கூடி, வேலைக்கும் போய்வரும் முப்பத்தைந்து வயதில்? நடக்கக்கூடிய பெரியவர்களில் குறைந்தது நால்வரில் ஒருவருக்கு நடை பின்னடைகிறது என்கிறது 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. சிகிச்சையை நிறுத்திய வயதுக்குப் பிறகுதான் சிகிச்சை அதிகம் தேவைப்படுகிறது.

என் நண்பர் ஒருவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. உடம்பு தன்னிச்சையாக அசைந்துகொண்டே இருக்கும் வகை மூளை முடக்குவாதம் அவருக்கு. கணினியில் கணக்கெழுதிச் சம்பாதிப்பவர். ஒரு கட்டத்தில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, விரல் மரத்துப்போனது, சிறுநீரை அடக்க முடியவில்லை. ஒரு மருத்துவமனையில் காட்டியபோது, “சி.பி. இருக்கில்ல, அப்படித்தாங்க இருக்கும்” என்று சொல்லி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நெடுநாள் கழித்து அவர் கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னவர் ஒரு பிசியோதான். வாழ்நாள் முழுக்க ஓயாமல் அசைந்த கழுத்தெலும்புகள் சீக்கிரமே தேய்ந்து, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தன. இந்த வகையினருக்கு இப்படி நேரும் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். நேரத்தில் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையால் மேலும் மோசமாகாமல் தடுக்க முடியும். இதைப் படிப்பவர் யாருக்காவது புதிதாகக் கை பலம் குறைந்தாலோ, நடை திடீரென மாறினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, ‘சி.பி.தான் காரணம்’ என்ற பதிலை ஏற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். கழுத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த இடத்தில் பெர்டா போபாத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. பெர்லினில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து, நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் வந்த யூதப் பெண். 1940களில் பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த உருவப்பட ஓவியர் சைமன் எல்வெஸுக்குப் பயிற்சி தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. இறுகிய கையை வலுக்கட்டாயமாக இழுக்காமல், உடம்பை வேறு வாகில் வைத்துப் பார்த்தபோது இறுக்கம் தளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவரும் கணவர் கரெல் போபாத்தும் உருவாக்கிய சிகிச்சை முறை. 1951இல் லண்டனில் மையம் தொடங்கினார்கள். உலகமெங்கும் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கான முறையாக அது பரவியது. நம் ஊர் மையங்களிலும் ‘என்.டி.டி.’ என்று பலகையில் எழுதியிருக்கும். அந்த முறைக்கு ஆதாரம் போதாது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. அந்த விவாதம் தனி. குழந்தைகளுக்கென்றே ஆகிப்போன ஒரு சிகிச்சை, நாற்பது வயதையொட்டிய ஒரு மனிதரின் உடம்பிலிருந்து பிறந்தது என்பதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன். பெரியவர் உடம்பும் கவனித்தால் பதில் சொல்லும்.

அளவுகோல்களே பதினெட்டோடு முடிந்துவிடும்போது கவனிப்பது எங்கே? இயக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்க உலகெங்கும் பயன்படும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். அட்டவணை 1997இல் வந்தது. 2007இல் விரிவாக்கினார்கள். அந்த விரிவும் 18ஆம் பிறந்தநாளுக்கு முன்பே நிற்கிறது. பிரிட்டனில் நைஸ் அமைப்பு, பெரியவர்களுக்கென்று தனி வழிகாட்டியை வெளியிட்டதே 2019 ஜனவரியில்தான். சிக்கலான தேவைகள் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை முழுமையான மறுபார்வை வேண்டும் என்று அது சொல்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று இந்தத் தொடர் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருப்பேன்.

சரி, வீட்டுக்கு யார் வருவார்கள்?

தமிழ்நாட்டில் இன்று இதற்கு ஒரு பதில் இருக்கிறது: மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது என்றுதான் பலருக்கு இதைத் தெரியும். நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும்கூட அதே திட்டத்தில் உண்டு. வட்டாரத்துக்கு ஒரு பிசியோ. பதினெட்டு வயதுச் சுவர் இதில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வசிப்பிடத்துக்கு அருகிலேயே, குறிப்பாகக் கிராமப்புறத்தில், கட்டணமில்லா மருத்துவ வசதி வேண்டும் என்கிறது. அந்த வரிக்கு மிக நெருக்கமாக வரும் ஏற்பாடு இதுதான். மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஒரு வட்டாரம் என்பது எத்தனை ஊராட்சிகள் என்று எண்ணிப் பாருங்கள். பக்கவாதம் வந்தவர், இடுப்பு எலும்பு முறிந்த பாட்டி, படுக்கையில் கிடப்பவர் என்று அந்த ஒருவருக்காகக் காத்திருப்போர் வரிசை நீளம். அதோடு, மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டு வாசலில் நின்று முதலில் கேட்பது “பிரஷர், சுகர் இருக்கா?” என்பதைத்தான். உள்ளறையில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இரண்டும் இல்லை. “இல்லங்க” என்று அம்மா சொல்லிவிடுகிறார். பட்டியலில் பெயர் ஏறுவதில்லை. மயிலாடுதுறைப் பக்கம் ஒரு வாசகி போனில் சொன்னது இதுவே. “ஸ்கூல் வயசுல வந்த பிசியோ பொண்ணு, பதினெட்டு ஆனதும் ‘இனிமே என் லிஸ்ட்ல தம்பி பேரு இருக்காதும்மா’ன்னு கண்கலங்கிட்டுப் போச்சு சார். அதோட விட்டாச்சு. மாத்திரை குடுக்க வர்றவங்ககிட்ட இதைக் கேக்கலாம்னே எனக்குத் தெரியாது.”

கேட்கலாம். கேளுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மூளை முடக்குவாதம் உள்ள பெரியவர் வீட்டில் இருக்கிறார், இயன்முறை சிகிச்சைக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தனித்துவ அடையாள அட்டையின் நகலையும் இணையுங்கள். பிசியோ வரும் அன்று, “இழுத்துவிடுங்க” என்பதோடு நிறுத்தாமல், சென்ற வருடம் முடிந்து இந்த வருடம் முடியாமல்போனவை எவை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். மாதம் இருமுறைதான் அவரால் வர முடியும் என்றால், மற்ற நாட்களில் வீட்டிலேயே செய்ய வேண்டிய வலுப்பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். பயிற்சி செய்யப்போகிறவர் வளர்ந்த மனிதர். அவரிடமே கேட்டு முடிவெடுங்கள். எந்த நேரம் தோதுப்படும், எது வலிக்கிறது, எதற்காக உடம்பு வலுப்பெற வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது ஒருவருக்கு முக்கியம். இன்னொருவருக்கு வாசல்படி இறங்கித் தெருமுனைக்குப் போவது.

தனியாரை அழைக்கலாம் என்றால், ஒரு வருகைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2000 ரூபாய் நான்கு வருகையில் தீர்ந்துவிடும். அந்தப் பணத்தில்தான் டயப்பரும் வாங்க வேண்டும். பணத்தைப் பற்றி விரிவாக இந்த வாரமே எழுத நினைத்திருந்தேன். தசை இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது.

அடுத்த வாரம் தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, வயது வரம்பில்லை, ஏற்கெனவே உள்ள பாதிப்பு என்று தள்ளிவிடவும் முடியாது, வெளிநோயாளி தெரபிக்கும் உண்டு. அட்டை வாங்கியவர்கள், தெரபி ரசீதைக் கொடுத்துப் பணம் திரும்பக் கேட்டபோது என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். ரசீதில் எந்த விவரம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

(தொடரும்)