சாலைக்கு வெளியே ஓடும் வண்டிக்கும் சான்று வேண்டும்

சேறு, மணல், கல், மேடு என எதையும் பொருட்படுத்தாமல் ஏறிச் செல்லும் மோட்டார் சைக்கிள்கள்மீது நம் நாட்டு இளைஞர்களின் ஈடுபாடு வளர்ந்து வருகிறது. கடுமைக்குப் பெயர்பெற்ற டக்கார் பந்தயத்தை 2015-ஆம் ஆண்டில் முழுமையாக ஓடி முடித்த முதல் இந்தியர் என்ற சிறப்பை சி. எஸ். சந்தோஷ் பெற்றார். கர்நாடகத்தின் கோலார் அருகே அவர் அமைத்த பயிற்சிக் களத்தைப் போன்ற இடங்களில் இன்று வார இறுதி நாள்களில் பலரும் பழகுகின்றனர். பழகியவர்க்குச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசையுடன் வங்கிக்கு வருவோர் கேட்கும் முதற்கேள்வி, ‘இதற்கு வாகனக் கடன் கிடைக்குமா?’ என்பது.

இதற்கான விடை வண்டியின் விலையிலோ வாங்குபவரின் வருமானத்திலோ மட்டும் இல்லை. அந்த வண்டியைப் பதிவு செய்ய முடியுமா என்பதில்தான் இருக்கிறது. பதிவு செய்ய முடியுமா என்பதோ, அதன் எஞ்சின் எந்த உமிழ்வு விதிக்கு உட்பட்டுத் தொழிற்சாலையில் சான்று பெற்றது என்பதைப் பெரிதும் சார்ந்தது. இந்த உறவை முதன்முதலில் விரிவாக வகுத்த மாநிலம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கு நடந்தவற்றை அறிந்துகொண்டால் நம் நாட்டு விதிகளின் பொருளும் எளிதில் விளங்கும்.

கலிஃபோர்னியாவின் தனி உரிமை

லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் 1943-ஆம் ஆண்டிலேயே சூழ்ந்தது. மலைகளுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்நிலப்பரப்பில் வாகனப் புகை வெளியேற வழியின்றித் தேங்கியது. எரியாத எரிபொருளின் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கடும் வெயிலில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோன் வாயுவை உண்டாக்கின. வானின் மேலடுக்கில் நம்மைக் காக்கும் ஓசோன், மூச்சுக்காற்றில் கலந்தால் நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும்.

1967-இல் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் உருவாயிற்று. அமெரிக்க மாநிலங்களுள் புதிய வாகனங்களுக்குத் தனக்கென உமிழ்வு விதிகளை வகுத்துக்கொள்ள மத்திய அரசிடம் விலக்குக் கோரும் உரிமை கலிஃபோர்னியாவுக்கு மட்டுமே கிடைத்தது. பிற மாநிலங்கள் விரும்பினால் அவ்விதிகளைப் பின்பற்றலாம். தாமாகப் புதிதாக வகுக்க இயலாது.

கார்களுக்கும் லாரிகளுக்கும் விதிகள் இறுகியபின், வாரியத்தின் பார்வை சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகள்மீது விழுந்தது. அக்காலத்தில் அவற்றுள் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டவை. எடை குறைவு, வேகம் மிகுதி, பழுதுபார்ப்பும் எளிது. ஆனால் இவ்வகை எஞ்சினில் புதிய எரிபொருள் கலவை உள்ளே நுழையும் நேரத்தில் புகைபோக்கி வழியும் திறந்தே இருக்கும். அதனால் ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எரிபொருள் எரியாமலே வெளியேறக்கூடும்.

பச்சை வில்லை, சிவப்பு வில்லை

1994-இல் வாரியம் இவ்வண்டிகளுக்கான விதியை இயற்றியது. கிலோமீட்டருக்கு 1.2 கிராம் ஹைட்ரோகார்பன், 15 கிராம் கார்பன் மோனாக்சைடு என்பன வரம்புகள். 90 சி.சி.க்கு மேற்பட்ட எஞ்சின்களுக்கு 1997 மாதிரி ஆண்டு முதல் இவை நடைமுறைக்கு வந்தன. வரம்புக்குள் அடங்கிய வண்டிக்குப் பச்சை வில்லை ஒட்டப்பட்டது. சாலைக்கு வெளியே ஓட்ட அனுமதிக்கப்பட்ட பொது நிலங்களில் அதை ஆண்டு முழுவதும் ஓட்டலாம்.

விதி வந்தபோது சந்தையில் சான்று பெற்ற வண்டிகள் மிகச் சிலவே இருந்தன. விற்பனையாளர்கள் முறையிட்டனர். 1998-இல் விதி திருத்தப்பட்டு, சிவப்பு வில்லை என்ற இடைவழி பிறந்தது. சான்று பெறாத பந்தய வகை வண்டிகளையும் பதிவு செய்யலாம்; ஆனால் ஓசோன் மிகும் கோடைக் காலத்தில் அவற்றைக் காற்று மாசுபட்ட பகுதிகளின் களங்களில் ஓட்டலாகாது. கடற்காற்று வீசும் ஓசியானோ மணல்மேடுகளில் ஆண்டு முழுவதும் ஓடிய சிவப்பு வில்லை வண்டி, உள்நாட்டுப் பகுதியான ஹங்க்ரி வேலியில் கோடையில் இறங்க முடியாது.

எந்த வண்டிக்கு எந்த நிறம் என்பதை முடிவு செய்தது ஒரே ஓர் எழுத்து. வாகன அடையாள எண்ணில் 17 இடங்கள் உண்டு. 2003 மாதிரி ஆண்டு முதல் அதன் எட்டாம் இடத்தில் ‘3’ என்ற எண்ணோ ‘சி’ என்ற ஆங்கில எழுத்தோ இருந்தால் சிவப்பு வில்லை; இல்லையேல் பச்சை. வாங்கியவர் சைலன்சரை மாற்றினாலும், எஞ்சினைச் செம்மையாகப் பராமரித்தாலும் அந்த எழுத்து மாறாது. நன்கு ஓடுகிறது, விலை மலிவு என்று பழைய வண்டியை வாங்கியவர் பலர், பதிவு அலுவலகத்தில் நிறம் தெரிந்தபின்னரே தம் வண்டிக்கு ஆண்டில் சில மாதங்கள் ஓய்வு என்பதை உணர்ந்தனர்.

சாலைக்கு மாற்ற நினைத்தோர்க்கும் இதே தடைதான். முன்விளக்கு, ஹாரன், பக்கக் கண்ணாடி ஆகியவற்றைப் பொருத்திவிட்டால் டர்ட் பைக் சாலை வண்டியாகிவிடும் என்று பலர் எண்ணினர். தயாரிப்பாளர் ஒட்டிய உமிழ்வு விவரச் சீட்டில், கலிஃபோர்னியச் சாலை விதிகளுக்கு உட்பட்டது என்ற சொற்கள் இல்லையேல் அலுவலகம் பதிவு செய்வதில்லை. வேறு மாநிலத்தில் வாங்கி வருவதற்கும் வரம்பு உண்டு. அம்மாநில விதிகளுக்குச் சான்று பெறாத வாகனம் 7,500 மைலுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அது புதிய வாகனமாகவே கருதப்படும். பொதுவாக அதைக் கலிஃபோர்னியாவில் பதிவு செய்ய இயலாது.

விலக்கு விதியான கதை

சிவப்பு வில்லை ஒரு தற்காலிக ஏற்பாடாகவே கருதப்பட்டது. நடந்தது வேறு. விலக்கு இருக்கும்வரை சான்று பெறும் செலவைத் தயாரிப்பாளர்கள் பலர் தவிர்த்தனர். பந்தயத்துக்கு என்று விற்கப்பட்டவை பொழுதுபோக்குக்கே பெரும்பாலும் ஓடின. எரிபொருள் தொட்டியிலிருந்தும் குழாய்களிலிருந்தும் ஆவியாகும் பெட்ரோல், வண்டி நிற்கும்போதும் காற்றில் கலந்துகொண்டே இருந்தது. கோடையில் ஓட்டத் தடை விதித்தும் அதைத் தடுக்க முடியவில்லை.

ஆகவே 2019-இல் வாரியம் இத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தது. 2022 மாதிரி ஆண்டு முதல் புதிய வண்டிகளுக்குச் சிவப்பு வில்லை இல்லை. சான்று பெற்றவை பொது நிலங்களில் ஓடும். பெறாதவை மூடிய பந்தயக் களத்தைத் தாண்டா. முன்னரே சிவப்பு வில்லை பெற்ற பழைய வண்டிகளுக்கு 2025 முதல் பருவத் தடை நீங்கியது. விலக்கை நம்பி முன்பே பணம் செலுத்தியோரின் உரிமையைக் காத்து, புதிதாக வாங்குவோர்க்கு வாயிலை அடைத்த இத்தீர்வு நம் கவனத்துக்குரியது.

நம் நாட்டில் இடைவழி இல்லை

கலிஃபோர்னியாவில் சாலைப் பதிவு, களப் பதிவு என இரண்டு உண்டு. இந்தியாவில் களத்துக்கென வண்ண வில்லை எதுவும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, பதிவு பெறாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. ‘பொது இடம்’ என்றால் தார்ச்சாலை மட்டுமே என்று கொள்ளலாகாது. பொதுமக்கள் செல்ல உரிமையுள்ள சாலை, தெரு, வழி, பிற இடம் அனைத்தையும் சட்டம் அதில் அடக்குகிறது. மக்கள் வந்துபோகும் ஆற்றுமணலும் கடற்கரையும் சாலையில்லை என்று வாதிடுவதால் பயன் இல்லை.

பதிவு பெற வேண்டுமாயின் அந்த மாதிரி வண்டி முன்னதாகவே வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். புணேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரிலுள்ள ஐகேட் போன்ற சோதனை நிறுவனங்கள் இதை வழங்குகின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு பாரத் ஸ்டேஜ் 6 விதி பொருந்துகிறது. கிலோமீட்டருக்கு ஹைட்ரோகார்பன் 0.1 கிராம், கார்பன் மோனாக்சைடு 1 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 0.06 கிராம் என்பன அதன் வரம்புகள். சோதனை முறைகள் வேறுபடினும், கலிஃபோர்னியாவின் களவிதியைவிட நம் சாலைவிதி எவ்வளவு இறுக்கமானது என்பது இதனால் புலப்படும். ‘வெளிநாட்டில் பச்சை வில்லை பெற்ற வண்டி’ என்ற பெருமை இங்குப் பதிவு அலுவலகத்தில் செல்லாது.

இந்தியாவில் விற்கப்படும் வண்டிகளுள் இருவகை உண்டு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் போன்றவை கரடுமுரடான பாதைக்கேற்ப வடிவமைக்கப்பட்டு, சாலைக்கும் ஒப்புதல் பெற்றவை. கவாசாகியின் கே.எக்ஸ். வரிசை போன்ற பந்தய வண்டிகள் களத்தில் மட்டுமே ஓடத்தக்கவை. அவற்றைப் பதிவு செய்ய இயலாது. தோற்றத்தில் இரண்டும் நெருங்கிய உறவினர் போல் இருப்பதே குழப்பத்துக்குக் காரணம்.

பதிவு பெற்ற வண்டியைப் பின்னர் மாற்றியமைப்பதும் ஆபத்தே. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்று 52-ஆம் பிரிவு கூறுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது.

நாளும் பதிவேடும்

உமிழ்வு விதி மாறும் நாளில் வாங்குவோர் நிலை என்னாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 3 வாகனங்களை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அப்போது 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் விற்பனையாகாமல் இருந்தன. பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். எஞ்சிய இரண்டு நாள்களில் பெருந்தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மக்கள் ஷோரூம்களில் திரண்டனர்.

2020-இல் பாரத் ஸ்டேஜ் 4 முடிவுக்கு வந்தபோது ஊரடங்கும் சேர்ந்துகொண்டது. பணம் செலுத்தியும் பதிவாகாத வாகனங்கள் தேங்கின. மார்ச் 31-க்குள் விற்கப்பட்டு, விவரம் இ-வாகன் தளத்தில் ஏற்றப்பட்டவற்றை மட்டும் பதிவு செய்யலாம் என்று அவ்வாண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. டெல்லி தேசியத் தலைநகர்ப் பகுதிக்கு அச்சலுகையும் இல்லை. ரசீது கையில் இருந்தும், தளத்தில் விவரம் ஏறாதோர் நிலை இரங்கத்தக்கதாயிற்று.

கடனும் காப்பீடும்

வாகனக் கடனில் வங்கிக்கு ஈடாக இருப்பது அந்த வாகனமே. இதைப் படிவம் 34 வழியே பதிவுச் சான்றிதழில் குறிக்கின்றனர். ‘ஹைப்பாதிகேஷன்’ என்று நாம் வழங்குவது இக்குறிப்பையே. கடன் தீர்ந்தபின் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து அதை நீக்குகிறோம். பதிவுச் சான்றிதழே இல்லாத வண்டியில் இக்குறிப்பை எழுத இடமில்லை. எனவே வழக்கமான வாகனக் கடன் அதற்குப் பொருந்தாது. தனிநபர் கடன் பெறலாம் என்றாலும் அதற்குப் பொதுவாக வட்டி கூடுதல்.

இதைவிடப் பெரிய இடர் காப்பீட்டில் உள்ளது. பொது இடத்தில் ஓடும் வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பதிவற்ற பந்தய வண்டியில் சாலையைக் கடக்கும்போது ஒருவர்மீது மோதினால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை உரிமையாளர் தம் கையிலிருந்து கொடுக்க நேரிடும். பதிவின்றி ஓட்டியதற்கான முதல் அபராதம் 2,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை. உயிரிழப்புக்கான இழப்பீடோ ஒரு குடும்பத்தின் வீட்டையும் சேமிப்பையும் கரைத்துவிடக்கூடியது. மகனின் ஆசைக்காக வண்டி வாங்கித்தரும் பெற்றோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதையே.

முன்பணம் செலுத்துமுன்

• இந்த மாதிரியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவு செய்ய முடியுமா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுக.

• புதிய வண்டியாயின் படிவம் 21 விற்பனைச் சான்று, படிவம் 22 தகுதிச் சான்று இரண்டும் கிடைக்குமா என்று உறுதி செய்க. படிவம் 22-இல் உமிழ்வு விதியின் நிலை குறிக்கப்பட்டிருக்கும்.

• பழைய வண்டியாயின் பரிவாகன் தளத்தில் பதிவு, உமிழ்வு நிலை, காப்பீடு, நிலுவையிலுள்ள கடன் குறிப்பு ஆகியவற்றைப் பாருங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே நேரில் ஒப்பிடுக.

• களத்தில் மட்டும் ஓடும் வண்டியாயின், அதைச் சிறு லாரியிலோ வேனிலோ ஏற்றிச் செல்லும் செலவையும் களக் கட்டணத்தையும் விலையுடன் சேர்த்துக் கணக்கிடுக. விபத்துக் காப்பீட்டுப் பத்திரத்தில் பந்தயம், சாகச விளையாட்டு ஆகியவை விலக்கப்பட்டுள்ளனவா என்றும் படித்துப் பாருங்கள்.

• ‘பிறகு பதிவு செய்து கொள்ளலாம்’ என்ற வாக்குறுதியை நம்பி முழுத்தொகையையும் செலுத்த வேண்டா.

கடன் விண்ணப்பத்துடன் விலைப்பட்டியலை மட்டும் கொண்டு வராமல், மேற்கண்ட சான்றுகளின் நகல்களையும் உடன் கொண்டு வாருங்கள். வண்டி எவ்வகையைச் சேர்ந்தது, எந்தக் கடன் பொருந்தும் என்பதைக் கிளை அலுவலர் அங்கேயே விளக்கிச் சொல்ல அது உதவும்.