ஈஜோக் சாலைக்கு எந்த ஸ்பிரிங்?

கோலசிலாங்கூரிலிருந்து ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் தினமும் கார் ஓட்டுகிறவர்களுக்கு வழியிலுள்ள மதகுகள் எல்லாமே மனப்பாடம். தூரத்தில் பார்த்தால் தார் சமமாகத்தான் தெரியும். மதகை நெருங்கியதும் முன்சக்கரம் ஒரு படி ஏறும். கடந்ததும் அதே வேகத்தில் இறங்கும். அந்த ஒரு நொடியில் ஸ்பிரிங்கும் அப்சாபரும் என்ன செய்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், உயரம் மாற்றும் ‘ஹைலோ’ செட் மாட்டலாமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மதகு ஏன் துருத்திக்கொண்டு நிற்கிறது? வட சிலாங்கூரின் உட்பகுதியில் பல இடங்களில் பீட் மண். மரமும் இலையும் வேரும் தண்ணீருக்கடியில் முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து உண்டான மண் அது. ராஜா மூசா வனக்காப்பகம் இந்த மண்ணின் மேல்தான் இருக்கிறது. அந்த மண்ணின் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் மண் சுருங்கும். காற்றுப்பட்ட பகுதி மக்கிக் கரியமில வாயுவாகப் போய்விடும். நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே இருக்கும். கடலோரமாக ஜெராம், தஞ்சோங் காராங் பக்கம் போனால் அங்கே மென்மையான கடற்களிமண். அதுவும் பாரம் ஏற ஏற அமுங்கும். ஆழத் தூண் இறக்கிக் கட்டிய பாலமும் மதகும் நின்ற இடத்திலேயே நிற்க, இருபுறச் சாலை மட்டும் இறங்குகிறது.

அதன்மேல் லோரிகளின் பாரம். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பகுதியில்தான், தெனமாரத்தில், போட்டார். நம் முன்னோர் வியர்வை சிந்திய அந்த வட்டாரத்தில் இன்றும் குலை ஏற்றிய லோரிகள் ஓயாமல் ஓடுகின்றன. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த பெரிய சாலைச் சோதனை ஒரு விதியைத் தந்தது: சாலைக்கு ஏற்படும் சேதம், அச்சு பாரத்தின் ஏறக்குறைய நான்காம் அடுக்கில் பெருகும். கார் அச்சைவிடப் பத்து மடங்கு பாரமான லோரி அச்சு ஒருமுறை போனால், பத்தாயிரம் கார் அச்சுகள் போனதற்குச் சமம். சாலையைச் செப்பனிடலாம், செப்பனிட வேண்டும் என்று கேட்பது நம் உரிமையும்கூட. ஆனால் அடியிலுள்ள மண் மாறப்போவதில்லை. காரைத்தான் இந்த மண்ணுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது காருக்கு வருவோம். ரிகண்டிஷனாகவோ இரண்டாம் கையாகவோ வாங்கும் விலையுயர்ந்த கார்கள் பலவற்றில் மின்னணு அப்சாபர் இருக்கிறது. உணரிகள் சக்கரமும் உடலும் அசைவதைக் கண்டுசொல்ல, கணினி சில மில்லிநொடிகளுக்குள் அப்சாபரின் இறுக்கத்தை மாற்றும். சிலவற்றில் எண்ணெய் ஓடும் வழியை ஒரு மின்வால்வு திறந்து மூடும். வேறு சிலவற்றில் எண்ணெயிலேயே நுண்ணிய இரும்புத் துகள் கலந்திருக்கும். காந்தப்புலம் பட்டதும் துகள்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ள, திரவம் தடிக்கும். இந்தத் திரவத்தை 1948இல் பொறியாளர் ஜேக்கப் ராபினோ கண்டுபிடித்தார். காரின் அப்சாபருக்கு அது வந்து சேர்ந்தது 2002இல், காடிலாக் செவில் காரில்.

இந்த மின்னணு அமைப்புக்குப் பின்னால் உள்ள யோசனை அழகானது. காரின் உடலை வானத்தோடு ஓர் அப்சாபரால் கட்டிவிட்டால் சாலை எப்படியிருந்தாலும் உடல் ஆடாது. வானத்தில் எதையும் கட்ட முடியாது. ஆனால் அப்படிக் கட்டியதுபோல நடந்துகொள்ளும்படி சாதாரண இடத்திலுள்ள அப்சாபரை நொடிக்கு நொடி இறுக்கித் தளர்த்தலாம் என்று 1974இல் பொறியியல் ஆய்வாளர் டீன் கார்னாப்பும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள்.

சிக்கல், மின்னணு அப்சாபருக்கு வயதாகும்போது வருகிறது. சீல் கசிகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது, புதிதாக நான்கு வாங்கப் பல ஆயிரம் வெள்ளி கேட்கிறார்கள். பட்டறைப் போமன் ஒரு ஹைலோ செட்டைக் காட்டுகிறார். ஸ்பிரிங்கும் அப்சாபரும் ஒன்றாக இணைந்தது, மரை திருகி உயரம் மாற்றலாம், மேலே ஒரு குமிழ் இருக்கும். விலையும் குறைவு. இங்கேதான் நிதானம் தேவை.

ஒரு கணக்கு. சாதாரண காரின் உடல், ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஏறக்குறைய 1.2 முறை ஆடும். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். அமுங்கிய சாலையில் மேட்டுக்கு மேடு 20 மீட்டர் இருந்தால், நொடிக்கு 1.25 முறை சாலை காரைத் தூக்குகிறது. காரின் சொந்த ஆட்டத்தோடு சாலையின் ஆட்டம் ஒத்துப்போகிறது. நல்ல அப்சாபர் இல்லையென்றால் ஒவ்வொரு மேட்டிலும் ஆட்டம் கூடும். பழைய அப்சாபரோடு போகும்போது வயிற்றைப் புரட்டுவது இதனால்தான்.

‘அப்படியானால் இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் போகிறது’ என்று தோன்றும். ஆட்டத்தை நொடிக்கு 2 முறையாக உயர்த்த, ஸ்பிரிங் கிட்டத்தட்ட மூன்று மடங்கு இறுக வேண்டும். மதகின் அதே படி உடலை அவ்வளவு மடங்கு பலமாகத் தள்ளும். இன்னொரு இழப்பு கண்ணில் படாதது. 1.2 முறை ஆடும் ஸ்பிரிங், காரின் பாரத்தில் 17 சென்டிமீட்டர் அமுங்கி நிற்கும். 2 முறை ஆடுவது 6 சென்டிமீட்டர்தான் அமுங்கும். குழி வந்தால் சக்கரத்தைக் கீழே தள்ளிச் சாலையைப் பிடிக்கவைப்பது அந்த அமுக்கத்தின் சேமிப்பு. அது குறைந்தால் டயர் காற்றில் நிற்கும். மழையில், வளைவில், டயர் நிலத்தில் இல்லாத அந்தக் கணம் ஆபத்தானது. காரைத் தாழ்த்தினால் சக்கரம் மேலே எழும்ப இருக்கும் இடமும் குறைந்துவிடும்.

குமிழைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்று நம்பக்கூடாது. ஒரு நல்ல அப்சாபரைப் பிரித்தால் பிஸ்டனின் மேல் காகிதம்போன்ற எஃகு வட்டுகள் அடுக்கியிருக்கும். உடல் மெதுவாக ஆடும்போது அவை மூடியே இருந்து, எண்ணெயைச் சிறு துளை வழியே மட்டும் விடும். சக்கரம் மதகில் திடீரென அடிபடும்போது வட்டுகள் வளைந்து வழி திறக்கும். காரின் இதம் அந்த அடுக்கில் இருக்கிறது. வெளியே தெரியும் குமிழ், பெரும்பாலான செட்டுகளில், அந்தச் சிறு துளையின் அளவை மாற்றுவதோடு சரி. அதை முழுக்க இறுக்கிவிட்டால் அமுங்கிய சக்கரம் நீளுமுன் அடுத்த மேடு வந்துவிடும்; அடுத்தடுத்த மேடுகளில் கார் படிப்படியாகக் கீழே அமர்ந்துகொள்ளும்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் வேறொரு பிரச்சினை. காய்ந்த பாதையில் முக்கால் மீட்டர் இடைவெளியில் வரிவரியாக மேடு விழும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது சக்கரத்தை நொடிக்குச் சுமார் 15 முறை அடிக்கும். சக்கரமே துள்ளும் வேகம் அது; இறுக்கமான செட் அங்கேயும் கைகொடுக்காது.

ஆகவே என் கருத்து இது: மின்னணு அப்சாபர் பழுதானால், அதே மாடலின் சாதாரண ரகத்துக்கு வரும் அப்சாபரும் ஸ்பிரிங்கும் கிடைக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். இந்த மண்ணை அறிந்தவர்களுக்கு அதுவே நல்ல தேர்வு. ஹைலோதான் என்றால், ஸ்பிரிங்கின் இறுக்கத்தை எண்ணில் கேட்டு வாங்குங்கள். மென்மையானதை எடுத்து, கம்பெனி உயரத்துக்கு அருகிலேயே நிறுத்துங்கள். பந்தயத் திடலுக்காகச் செய்த செட், திடலில் அருமையாக இருக்கும்; நம் புக்கிட் ரோத்தான் சாலையில் இருக்காது.

பழைய மின்னணு இணைப்பைக் கழற்றினால் கணினி பிழை காட்டும். அந்தக் காருக்கென்றே செய்த மின்தடைப் பெட்டியை மாட்ட வேண்டும். எச்சரிக்கை விளக்கின் பல்பைப் பிடுங்குவது தீர்வாகாது. சக்கரத்தைத் தாங்கும் கையில் உயர உணரி இருந்தால் அதன் கம்பியைத் திரும்ப மாட்டாமல் விட்டுவிடாதீர்கள். பல கார்களில் முன்விளக்கு அதைப் பார்த்துத்தான் தன் ஒளியைத் தாழ்த்தி உயர்த்துகிறது. உணரி தவறிவிட்டால் இருட்டான தோட்டச் சாலையில் எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண்ணில் ஒளி அடிக்கும். வாகனத்தின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) விதிகள் உண்டு. காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொண்டு, அலைன்மென்ட் செய்யுங்கள். புது ஸ்பிரிங் சில வாரங்களில் சற்று அமரும்; மறுபடி அளந்து, அலைன்மென்டையும் மறுபடி பாருங்கள். கடலோர உப்புக்காற்றும் செம்மண் சேறும் மரையில் ஏறினால் உயரம் மாற்றும் வளையம் இறுகிப்போய் ஸ்பேனருக்கு அசையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுவி, துருத் தடுப்பு மெழுகு பூசிவைத்தால் அடுத்தமுறை திருக வரும்.