கார் நின்றது, பழி தம்பி மேல் விழுந்தது

காராக் நெடுஞ்சாலையில் கோம்பாக் டோல் சாவடியைத் தாண்டினால் கெந்திங் செம்பா வரை மேடுதான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அந்த மேட்டில் என் கார் நின்றுபோனது.

மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தேன். டர்போவின் சீழ்க்கை ஏறியது. அப்போது 'டப்' என்று ஒரு சத்தம். பெரிய வெடிச்சத்தம் இல்லை. பக்கத்து அறையில் யாரோ கதவைச் சாத்தியது போல. அடுத்த நொடியே இழுவை போய்விட்டது. ஓரமாக நிறுத்தியபோது எஞ்சின் குலுங்கிக் குலுங்கி அணைந்தது. சூட்டு அளவு சரியாக இருந்தது. எஞ்சின் எண்ணெய் அழுத்தமும் சரி. புகை இல்லை, கசிவு இல்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

இழுவை லாரியைக் கூப்பிடுவதற்கு முன்பே, கிள்ளான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியைக் கூப்பிட்டேன்.

"நேத்து என்ன பெட்ரோல்டா ஊத்துன?"

"தொண்ணூத்தஞ்சுண்ணே. அந்த ஸ்டேஷன்ல தொண்ணூத்தேழு முடிஞ்சிருச்சு."

"எஞ்சின் போச்சு. உன்னாலதான்."

அவன் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தான். அதன் பிறகு 16 நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையில்.

பிஸ்டன் இல்லாத எஞ்சின்

என்னுடையது மஸ்டா ஆர்எக்ஸ்-7. 1991 முதல் 2002 வரை தயாரான மூன்றாம் தலைமுறை. தொழிற்சாலையிலிருந்து இரண்டு டர்போவுடன் வந்த கார். எனக்கு முன் வைத்திருந்தவர் அவற்றைக் கழற்றிவிட்டு ஒரே பெரிய டர்போவையும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் தனிக் கணினியையும் பொருத்தியிருந்தார். அப்படியே வாங்கினேன்.

இந்தக் காரில் பிஸ்டன் கிடையாது. பக்கங்கள் லேசாக உப்பிய முக்கோணம் ஒன்று, நடுவில் கொஞ்சம் ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழல்கிறது. அதுதான் ரோட்டர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 654 சிசி, மொத்தம் 1,308 சிசி. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகத் தகடு செருகப்பட்டிருக்கும். இதை ஏபெக்ஸ் சீல் என்பார்கள். என் கார் எஞ்சினில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர். ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பது இந்தத் தகடுதான். அது போனால் எஞ்சினும் போனது போலத்தான்.

இந்தத் தகட்டின் கதை பழையது. ஜெர்மானியப் பொறியாளர் ஃபெலிக்ஸ் வாங்கெல் வகுத்த இந்த எஞ்சினுக்கு மஸ்டா நிறுவனம் 1961இல் உரிமம் பெற்றது. ஆரம்பத்தில் ஓடவிட்ட எஞ்சின்களின் உட்சுவரில் வரிவரியாகக் கோடு விழுந்தது. முனைத் தகடு அதிர்ந்து அதிர்ந்து சுவரைச் சுரண்டியதால் வந்தவை. அவற்றுக்கு 'பிசாசின் நகக்கீறல்' என்றே பெயர் வைத்தார்கள். யமமோட்டோ கெனிச்சி தலைமையில் 47 பொறியாளர்கள் அதோடு மல்லுக்கட்டி, கார்பனில் அலுமினியம் ஊட்டிய தகட்டைக் கொண்டுவந்த பிறகுதான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. 1991இல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி காரிலும் ரோட்டரி எஞ்சின்தான், நான்கு ரோட்டர்களோடு.

"டர்போதான் போச்சு"

முதலில் போன பட்டறையில் புகைக்குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். டர்போவின் உள்ளே விசிறி இதழ் இரண்டின் ஓரம் பெயர்ந்திருந்தது. பிறகு சாதாரண அழுத்தமானியை வைத்து இரண்டு ரோட்டரையும் சோதித்தார்கள். இரண்டிலும் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவை ஒட்டிக் காட்டியது. "எஞ்சின் நல்லா இருக்கு, டர்போதான் போச்சு. 9,000 வெள்ளி ஆகும்" என்றார்கள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் டர்போ மட்டும் போயிருந்தால் எஞ்சின் ஏன் பிடிக்கவில்லை? டர்போ இல்லாவிட்டால் கார் மந்தமாக ஓடும். அறவே ஓடாமல் போகாது. இந்தக் கேள்வியோடு, பழைய ரோட்டரி கார்களை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவரிடம் காரைக் கொண்டுபோனேன். அறுபது வயதைத் தாண்டியவர். எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள்.

உடைந்த இதழ்களை டார்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, காத்து உள்ள போற பக்கம் உடைஞ்சிருந்தா வெளியிலேர்ந்து எதையோ உறிஞ்சிருச்சுன்னு சொல்லலாம். இது புகை வர்ற பக்கம். அடிச்ச சாமான் எஞ்சினுக்குள்ளேர்ந்து வந்திருக்கு. டர்போ அடி வாங்கினவன்லா, அடிச்சவன் இல்ல."

மூன்று மூச்சு

அடுத்து அவர் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கினார், பொறி வராமல் தடுத்தார், ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கச் சொன்னார். ஒவ்வொரு ரோட்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டார். முன் ரோட்டரிலிருந்து 'புஸ், புஸ், புஸ்' என்று ஒரே சீராக மூச்சு வந்தது. பின் ரோட்டரில் ஒரு 'புஸ்', பிறகு ஏறக்குறைய அமைதி, மறுபடி ஒரு 'புஸ்'. கருவி எதுவும் வைக்காமல், காதால் மட்டும் கேட்டதே பாதிப் பரிசோதனை.

பிறகுதான் ரோட்டரிக்கென்றே உள்ள அழுத்தமானியை எடுத்தார். சாதாரணக் கருவிக்குள் ஒரு வால்வு உண்டு. வந்ததில் உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். ரோட்டருக்கு மூன்று முகம். அதில் ஒரு முகம் நன்றாக இருந்தாலே அந்தக் கருவி ஏமாந்துவிடும். ரோட்டரிக் கருவி மூன்று முகத்தையும் தனித்தனியாக அளந்து, நிமிடத்துக்கு 250 சுற்று என்ற வேகத்துக்குக் கணக்கிட்டுச் சொல்லும். குறைந்தது 6 கிலோவாவது இருக்க வேண்டும். ஒரே ரோட்டரின் முகங்களுக்கிடையே வித்தியாசம் 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது.

முன் ரோட்டர்: 7.3, 7.2, 7.4. பின் ரோட்டர்: 7.0, 2.3, 2.1.

ஒன்று நன்றாக, இரண்டு மோசமாக. முனையில் இருக்கும் ஒரு தகடு இரண்டு அறைகளுக்குப் பொதுவான சுவர். ஆகவே ஒரே தகடு உடைந்தால் அதன் இருபுறமும் உள்ள இரண்டு அறைகளில் அழுத்தம் போகும். எதிரே உள்ள மூன்றாவது அறை தப்பிக்கும். எஞ்சினைத் திறக்காமலே, பின் ரோட்டரில் ஒரு ஏபெக்ஸ் சீல் உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"அப்ப எஞ்சினைப் பிரிச்சு சீல் மாத்திடலாமா அங்கிள்?" என்றேன்.

"மாத்தலாம். ஆனா ஏன் உடைஞ்சுச்சுன்னு தெரியாம மாத்துனா, அடுத்த மாசம் திரும்பவும் வருவ."

ஓர் அறை மட்டும் பட்டினி

நான் உடனே தம்பி ஊற்றிய பெட்ரோல் கதையைச் சொன்னேன். டர்போ அழுத்தம் ஏறும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சீராக எரிய வேண்டும். ஒரேயடியாக வெடித்தால் அது டெட்டனேஷன். அந்த அடியை மெல்லிய தகடு தாங்காது. ரோன் எண் குறைந்த பெட்ரோல் அதற்கு வழிவிடும் என்பது எனக்குத் தெரியும்.

அங்கிள் பதில் சொல்லாமல் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் துணியில் வரிசையாக வைத்தார். முன் ரோட்டரின் இரண்டும் இளம் பழுப்பு. பின் ரோட்டரின் இரண்டும் வெளுத்திருந்தன. ஒன்றின் பீங்கானில் சின்னச் சின்னக் கொப்புளம்.

"ரெண்டு ரூமுக்கும் ஒரே டேங்க்தான? பெட்ரோல் மட்டும்தான் காரணம்னா முன்னாடியும் இப்படித்தான் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் நோவுன்னா, காரணமும் அந்தப் பக்கம்தான் இருக்கும்."

வெளுத்த பிளக், அறை அளவுக்கு மீறிச் சூடானதைக் காட்டும். பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகும்போது அப்படி ஆகும். இந்த எஞ்சினில் ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர்: எப்போதும் வேலை செய்யும் முதல் இன்ஜெக்டர், எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது மட்டும் திறக்கும் இரண்டாவது. நான்கையும் கழற்றிச் சோதனை மேடையில் பொருத்தினார். அளவுக்குழாய்களில் பெட்ரோல் நிரம்பியது. முதல் இன்ஜெக்டர்கள் இரண்டும் சமம். இரண்டாவது ஜோடியில் முன் ரோட்டருக்கானது 100 கோட்டைத் தொட்டபோது, பின் ரோட்டருக்கானது 70இல் நின்றது. அதன் நுனியில் பழைய பெட்ரோலின் பிசின் படிந்திருந்தது.

"ஆனால் கலவையைக் காட்டும் மீட்டர் இருக்கிறதே?" என்று கேட்டேன். காரின் கணினியில் அன்று காலைப் பதிவைத் திறந்து பார்த்தோம். 'டப்' சத்தத்துக்கு முந்தைய நொடியில் அது 12 என்று காட்டியிருந்தது. அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12 பங்கு காற்று. என் எஞ்சினுக்கு 11 இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதல்தான், பயப்படும்படி இல்லை என்று தோன்றியது. ஆனால் அந்த உணரி டர்போவுக்குப் பின்னால், இரண்டு அறைகளின் புகையும் கலந்த இடத்தில் இருக்கிறது. அது காட்டியது சராசரி. முன் அறைக்கு 11 என்றால் பின் அறைக்கு 13ஐத் தாண்டியிருக்கும். ஒருவன் வயிறு நிறையச் சாப்பிட, இன்னொருவன் பட்டினி கிடக்க, சராசரிக் கணக்கு மட்டும் சரியாக இருந்திருக்கிறது.

அந்த எட்டு மாதம்

பிசின் எப்படிப் படிந்தது? அதற்கும் பதில் என்னிடமே இருந்தது. வேலைக்காகச் சிங்கப்பூரில் இருந்த எட்டு மாதமும் கார் வீட்டு முன்வாசலில் நின்றது. தம்பிதான் வாரம் தவறாமல் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தான். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினில் முதல் இன்ஜெக்டர் மட்டும்தான் திறக்கும். இரண்டாவது திறக்கவே இல்லை. அதற்குள் இருந்த பெட்ரோல் அங்கேயே கெட்டுப்போனது. ஊருக்கு வந்த பிறகு இரண்டு வாரம் மெதுவாகத்தான் ஓட்டினேன். அதனால் குறை தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை இரவு, டர்போ அழுத்தத்தை 0.8 பாரிலிருந்து 1.0 பாருக்கு நானே ஏற்றினேன். தம்பியிடம் சொல்லவில்லை.

பட்டறை வாசலில் நின்று வாட்ஸ்அப்பைத் திறந்து பின்னோக்கிப் போனேன். நான் திரும்பி வருவதற்கு மூன்று நாள் முன் அவன் அனுப்பியது: "அண்ணே, பெட்ரோல் வாடையே மாறிப்போச்சு. சர்வீஸ் பண்ணிட்டு ஓட்டுங்க." அதற்கு நான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பியிருந்தேன்.

அடைத்த இன்ஜெக்டர், ஏற்றிய அழுத்தம், 95 பெட்ரோல். மூன்றும் சேர்ந்துதான் அந்தத் தகட்டை உடைத்தன என்றார் அங்கிள். முதல் இரண்டும் என்னுடையவை. அழுத்தத்தை ஏற்றியதைச் சொல்லியிருந்தால் தம்பி 97 கிடைக்கும்வரை அலைந்திருப்பான். அந்தக் கணக்கில் மூன்றாவதும் என்னுடையதுதான்.

எஞ்சினைப் பிரித்தபோது கருவி சொன்னது போலவே பின் ரோட்டரில் ஒரு தகடு, ஓரம் உடைந்து கிடந்தது. அந்தத் துண்டு வெளியேறும் வழியில் சுவரின் குரோம் பூச்சைக் கீறிவிட்டு, டர்போவின் இதழையும் அடித்திருந்தது. சாலையோரத்தில் நான் திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரைச் சுற்றியது கீறலைக் கூட்டியிருக்கலாம். திடீரென்று இழுவை போனால் கையை எடுத்துவிட வேண்டும். எந்த டர்போ காருக்கும் இது பொருந்தும். டர்போவும் சேர்த்து மொத்தச் செலவு 18,000 வெள்ளி. முதல் பட்டறை சொன்னபடி டர்போவை மட்டும் மாற்றியிருந்தால் 9,000 வெள்ளி போயிருக்கும், கார் அப்போதும் நின்ற இடத்தில்தான் இருந்திருக்கும்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அம்மா பரிமாறும்போது தம்பியிடம் சொன்னேன். "உன் மேல தப்பில்லடா. நீ சொன்னதை நான் கேக்கல." அவன் ரசத்தைக் குடித்து முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு, "எந்த இன்ஜெக்டர்ணே?" என்று கேட்டான். பின் ரோட்டரின் இரண்டாவது என்றேன். "அதான் ஸ்டார்ட் பண்றப்பல்லாம் நல்லா இருந்துச்சு" என்றான்.

தை பிறந்ததும் எஞ்சின் தயாரானது. முதல் 1,500 கிலோமீட்டருக்கு டர்போ அழுத்தம் ஏறவே கூடாது என்பது அங்கிளின் உத்தரவு. முதன்முறை ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது தம்பியையும் கூட்டிப்போனேன். பின் ரோட்டர் பக்கம் குனிந்து காதை வைத்துக் கேட்டான்.

"மூணும் வருதுண்ணே" என்றான்.