பேசாப் பூனையின் நகை

மெய்ப்பாடு எட்டினை எண்ணத் தொடங்கிய தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தார். ஆதலின் பண்டிதன் ஒருவன் டொம் என்னும் பூனையையும் ஜெரி என்னும் எலியையும் பற்றி எழுதப் புகுதல் இழுக்கன்று. சொல்லின் துணை வேண்டாது மெய்யாலேயே நகை விளைத்த பாத்திரங்களுள் இவ்விணைக்கு நிகரானவை மிகச் சில.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்னும் இருவர் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 1940ஆம் ஆண்டில் இவற்றைப் படைத்தனர். முதற் படத்திற் பூனைக்கு ஜாஸ்பர் என்றே பெயர். 1958 வரை அவ்விருவரும் ஆக்கிய குறும்படங்கள் 114. அவற்றுள் ஏழு ஒஸ்கார் விருது பெற்றன.

விருது பெற்றவற்றுள் ஒன்று, 1947இல் வெளிவந்த பூனையின் இசையரங்கு. நீண்ட கரிய மேலங்கி அணிந்து, பெருமிதம் முகத்திற் பொலிய, டொம் பியானோவின் முன் அமர்கின்றது. வாசிப்பது லிஸ்ட் இயற்றிய ஹங்கேரிய ராப்சோடி. பியானோவினுள் உறங்கிக் கிடந்த ஜெரியைச் சுத்தியல்கள் தட்டி எழுப்புகின்றன. அவ்வளவே கதை. எலியை அடிக்கவும் வேண்டும். அவையின் முன் மானத்தைக் காக்கவும் வேண்டும். விசைக்கட்டைகளின் இடத்தில் எலிப்பொறி வைக்கப்பட்டு விரல் அகப்பட்ட பின்னரும் வாசிப்பு ஓயவில்லை! சினம், நோவு, செருக்கு மூன்றும் ஒரே முகத்தில் மாறி மாறித் தோன்றுகின்றன. ஒரு சொல்லும் இல்லை. ஈற்றில் டொம் சோர்ந்து வீழ, கைதட்டல் ஜெரிக்குப் போகின்றது.

பழைய படங்களிலும் டொம் ஓரிரு சொல் உரைத்ததுண்டு. ஆயின் 1992இல் வந்த முழுநீளப் படம் இரண்டையும் ஓயாது பேசவைத்தது, பாடவும் வைத்தது. பேச்சு வந்ததும் பகை போயிற்று. தந்தையைத் தேடும் சிறுமிக்கு இரண்டும் துணைபோயின. பேசத் தெரிந்த பூனைகள் உலகிற் பல. அவற்றுள் ஒன்றாக டொம் ஆனதைத் தவிர அப்படத்தால் விளைந்தது யாதென எனக்குப் புலப்படவில்லை.

2021இல் டிம் ஸ்டோரி இயக்கிய படம் பேச்சைப் பறித்து மௌனத்தை மீட்டுக் கொடுத்தது. அதற்கு நன்றி கூறலாம். ஆனால் அங்கே விலங்குகள் எல்லாம் சித்திரம். மனிதர் எல்லாரும் மெய்யான நடிகர். பழைய படங்களில் மனிதர் பெரும்பாலும் காலளவாகவே தோன்றினர். எலியின் கண்ணுக்கு எட்டிய உலகே உலகு. (அவ்வாறு தோன்றிய கறுப்பினப் பணிப்பெண்ணின் உருவமும் பேச்சும் அக்கால அமெரிக்காவின் இழிந்த ஏளனத்தாற் புனையப்பட்டவை. 1960களிலே தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவளை மாற்றி வரைந்தனர். பழையதெல்லாம் பொன்னென்று யான் சொல்லவரவில்லை.) புதிய படத்திலோ, பிறர் தகுதியைத் தன்னதாகக் காட்டி நியூயோர்க் நகர விடுதியொன்றில் வேலை பெற்ற பெண்ணின் கதையும், அங்கு நிகழவிருக்கும் ஆடம்பரத் திருமணமும் நடுவிடத்தைக் கொள்கின்றன. பூனையும் எலியும் அக்கதைக்கு ஏவலர்.

அப்படத்தின் தொடக்கத்திலும் டொம் இசைக்கின்றது. சென்ற்ரல் பார்க் பூங்காவிற் குருடன்போல் நடித்து, மின்னிசைப் பெட்டியை வாசித்து நிற்கின்றது. ஜெரி இடையிற் புகுகின்றது, சண்டை மூள்கின்றது, பெட்டி உடைகின்றது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்த என் மாணாக்கன் ஒருவன், "ஐயா, டொம் ஏன் இங்கே வாசிப்பை விட்டுவிட்டது?" என்று வினவினான். அவன் கேட்டதே கேட்கத்தக்க வினா. அரங்கிலே டொம்முக்கு இசை மானம். அதனால் விரல் நசுங்கினும் விட இயலவில்லை. பூங்காவிலே இசை பிழைப்புக்கு ஒரு வேடம். பெட்டி உடைந்தாற்றான் கதை விடுதிக்கு நகரும். ஆகவே உடைகின்றது. விடாப்பிடி நீங்கிய இடத்தில் நகையும் மெலிகின்றது.

புதிய படத்தில் யான் வாய்விட்டு நகைத்த இடங்களும் உள; பெரும்பாலும் டொம் அலறுமிடங்கள்.  2001இல் மறைந்த வில்லியம் ஹன்னா பழைய படங்களுக்காகத் தம் தொண்டையால் எழுப்பிய ஒலியை, பழம்பதிவிலிருந்து எடுத்து அங்கே சேர்த்திருக்கின்றனர்.