ஊறுகாய் ஜாடி மீண்டும் வருகிறது

பீங்கான் ஊறுகாய் ஜாடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேலே பழுப்பு நிறம். கீழே வெள்ளை நிறம். கனமான மூடி. 1950, 1960-களில் நம் நாட்டில் எத்தனையோ வீடுகளில் இது இருந்தது. வடக்கே மாங்காய் ஊறுகாய் போட்டார்கள். தெற்கே ஆவக்காயும் நார்த்தங்காயும் போட்டார்கள். கன்னியாகுமரிப் பக்கம் இதைப் பரணி என்பார்கள். இந்தியில் மர்த்தபான் என்றும் சொல்வார்கள். மர்த்தபான் என்பது பர்மாவில் உள்ள பழைய துறைமுகம். அந்த வழியாகக் கப்பலில் ஜாடிகள் வந்தன. ஊரின் பெயரே ஜாடிக்கும் பெயராகிவிட்டது.

ஊறுகாயில் புளிப்பும் உப்பும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் இரும்பு, அலுமினியம், பித்தளை எல்லாவற்றையும் அரிக்கும். நன்றாக வெந்த பீங்கானை அரிக்காது. அதனால்தான் ஜாடி.

பிறகு கண்ணாடிப் பாட்டிலும் பிளாஸ்டிக் டப்பாவும் வந்தன. ஜாடி பரணுக்குப் போனது. இப்போது அதே ஜாடியைத் தேடி வாங்குகிறார்கள். காரைக்குடியில் பழைய பொருள் கடைகளில் இதை விற்கிறார்கள். ஆனால் பழைய ஜாடி எல்லோருக்கும் கிடைக்குமா? கிடைத்தாலும் பலவற்றில் விளிம்பு உடைந்திருக்கும். ஆகவே அதே உருவத்தில் புதிதாகச் செய்கிறார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் குர்ஜா என்ற ஊர் இருக்கிறது. டெல்லியிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். அங்கே மண்பாண்டத் தொழில் பல தலைமுறையாக நடக்கிறது. 1942-இல் உலகப் போர் நடந்தது. அப்போது மருத்துவமனைகளுக்குப் பீங்கான் பாத்திரம் தேவைப்பட்டது. அதற்காக அரசு குர்ஜாவில் ஒரு தொழிற்சாலை தொடங்கியது. பின்னர் உள்ளூர்க் குயவர்களும் பீங்கான் வேலைக்கு வந்தார்கள். இன்று அங்கே கோப்பை, தட்டு, ஜாடி எல்லாம் செய்கிறார்கள்.

பழைய ஜாடியைப் பார்த்து அப்படியே செய்வது சுலபம் என்று தோன்றும். அப்படி இல்லை. களிமண் காயும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது மேலும் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கும் மண் என்று வைத்துக்கொள்வோம். 10 அங்குல ஜாடி வேண்டும் என்றால், பச்சை மண்ணில் 11 அங்குலத்துக்கும் சற்று அதிகமாகச் செய்ய வேண்டும். பழைய ஜாடியின் மேலேயே அச்சு எடுத்தால், புதிய ஜாடி சிறிதாகிவிடும். மூடி இன்னும் தொல்லை. ஜாடியும் மூடியும் ஒரே மண்ணாக இருக்க வேண்டும். ஒரே சூட்டில் வேக வேண்டும். இல்லாவிட்டால் மூடி ஆடும், அல்லது உள்ளே இறங்காது.

களிமண்ணோடு சில வகைக் கற்களின் பொடியையும் கலக்கிறார்கள். இந்தக் கல் பொடி மூச்சில் போனால் நுரையீரல் கெடும். வேலை செய்யும் இடத்தை ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. காய்ந்த ஜாடியை மெருகுக் கரைசலில் முக்குகிறார்கள். ஒரு பாதியை ஒரு நிறத்தில், மறு பாதியை இன்னொரு நிறத்தில். பழுப்பு நிறம் இரும்புச் சத்தால் வருகிறது. சூளையின் சூடு சுமார் 1,200 டிகிரி. அந்தச் சூட்டில் மெருகு உருகிக் கண்ணாடி போல ஒட்டிக்கொள்கிறது.

இப்போது வீடுகளில் ஆட்கள் குறைவு. பத்துக் கிலோ ஊறுகாய் யார் போடுகிறார்கள்? அதனால் கால் கிலோ, அரைக் கிலோ பிடிக்கும் சிறிய ஜாடிகள் வருகின்றன.

உருவம் பழைய மாதிரி இருந்தால் மட்டும் போதாது. குறைந்த சூட்டில் மெருகு உருக வேண்டும் என்று சிலர் காரீயம் சேர்ப்பார்கள். பித்தளைக்குப் பூசும் ஈயம் வேறு, அது வெள்ளீயம். காரீயம் விஷம். ஊறுகாயின் புளிப்பு அதை மெல்லக் கரைத்து எடுக்கும். சாப்பிடும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பார்வைக்கு அழகான ஜாடியிலும் இது இருக்கலாம்.

காரீயத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. சோதனைக் கூடத்தில்தான் தெரியும். எனவே, "இது உணவு வைக்கும் ஜாடியா? காரீயம் இல்லாததா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் மழுப்பினால் வாங்க வேண்டாம். உள்பக்கம் நிறமும் படமும் இல்லாத ஜாடியே நல்லது. ஜாடியின் அடியில் மெருகு இல்லாத இடம் இருக்கும். அங்கே ஒரு சொட்டு நீர் விடுங்கள். நீரை உறிஞ்சினால் ஜாடி சரியாக வேகவில்லை. விரலால் தட்டினால் கணீர் என்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ கீறல் இருக்கிறது.

வீட்டுப் பரணில் பழைய ஜாடி இருந்தால் அதையும் இப்படிப் பாருங்கள். கீறல் இருந்தால் ஊறுகாய் போடாதீர்கள். கீறலில் எண்ணெயும் அழுக்கும் தங்கும், கழுவினாலும் போகாது. அதில் கரண்டிகளைப் போட்டு வைக்கலாம். செடியும் வைக்கலாம்.