எம்.ஜி. காருக்குள் அம்பாசடர் எஞ்சின்

எம்.ஜி. என்றதும் திண்டுக்கல் பைபாஸில் பறக்கிற ஹெக்டர் ஞாபகத்துக்கு வரலாம். நான் சொல்வது அதை இல்லை. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1955 முதல் 1962 வரை செய்த எம்.ஜி.ஏ. என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட், தாழ்ந்த போனட், மொத்த எடை சுமார் 900 கிலோ. ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே செய்தார்கள். பெரும்பகுதி ஏற்றுமதிக்கே போனது.

இந்த வண்டிக்கும் நம்ம ஊர் டாக்ஸி ஸ்டாண்டுக்கும் ரத்த உறவு உண்டு. 1957இல் வந்த முதல் அம்பாசடரில் இருந்தது பழைய சைடு வால்வு எஞ்சின். 1959இல் அதை எடுத்துவிட்டு 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சினை வைத்தார்கள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரிஸ்' குடும்பம் அது. எம்.ஜி.ஏ.வில் இருப்பதும் அதே குடும்பம், அதே 1489 சிசி. ஒரு தம்பி கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றப் போனான், இன்னொரு தம்பி ரேஸுக்குப் போனான், அவ்வளவுதான்.

அதனால் இந்தியாவில் பழைய எம்.ஜி.யின் எஞ்சின் கைவிட்டால் மெக்கானிக்கின் கண் முதலில் அம்பாசடர் பக்கம்தான் போகும். பிளாக் கிடைக்கும், பிஸ்டன் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பார். கேள்வி என்னன்னா, வைத்தபிறகு அது என்ன வண்டி?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். பிந்தைய எம்.ஜி.ஏ. 1500இன் எஞ்சின் 72 குதிரைத்திறன் தரும். 900 கிலோவுக்கு அது டன்னுக்கு 80. அம்பாசடர் எஞ்சின் தருவது 50 சொச்சம். வண்டியோ 1,100 கிலோ. டன்னுக்கு 45 பக்கம். இப்போது அம்பாசடர் எஞ்சினை அப்படியே தூக்கி எம்.ஜி.க்குள் வைத்தால் டன்னுக்கு 55 வரும். அம்பாசடரை விடத் துடிப்பாக இருக்கும், எம்.ஜி. ஆகாது.

ஒரே பிளாக், 20 குதிரை எங்கே போச்சு? மூச்சில் போச்சு. எம்.ஜி.யில் ரெண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், பெரிய வால்வு உள்ள ஹெட், வேறு கேம்ஷாஃப்ட், 8.3 அழுத்த விகிதம். அம்பாசடரில் ஒற்றைக் கார்புரேட்டர். அந்தக் காலத்து நம்ம பெட்ரோலின் தரத்துக்கு ஏற்ப அழுத்த விகிதத்தையும் குறைத்து வைத்திருந்தார்கள். எம்.ஜி. 5,500 சுற்று வரை பாடும். அம்பாசடர் நாலாயிரத்தைத் தாண்டியதுமே இரைக்கும். ஆகவே புத்திசாலித்தனமான மாற்றம் என்பது அம்பாசடரின் பிளாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, எம்.ஜி.யின் ஹெட், கேம்ஷாஃப்ட், மேனிஃபோல்டு, கார்புரேட்டர்களை அதன்மேல் ஏற்றுவது. இப்போது கிடைக்கிற பெட்ரோலுக்கு 8.3 ஒரு பிரச்சினையே இல்லை.

கியர்பாக்ஸையும் சேர்த்துத் தூக்கி வைக்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். பழைய அம்பாசடரின் கியர் லீவர் ஸ்டியரிங் பக்கத்தில், எம்.ஜி.யில் தரையிலிருந்து எழும் குட்டை லீவர். அந்த லீவரை இழந்தால் வண்டியின் பாதி சுகம் போச்சு. எம்.ஜி.யின் கியர்பாக்ஸை வைத்துக்கொண்டு, எம்.ஜி.யின் முன்தகட்டையும் புது பிளாக்குக்கு மாற்றினால் மவுண்டிங் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். சேசிஸில் வெல்டிங் டார்ச் படவே வேண்டாம். எனக்கு அதுதான் முக்கியம். வெல்டு வைக்காத வேலையை நாளைக்கு இன்னொருவர் கழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

பின் அச்சின் கிரவுன்-பினியனும் வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கும். எம்.ஜி.ஏ.வுக்கு அது 4.3. நாலாவது கியரில் 100 கி.மீ. வேகத்துக்கு எஞ்சின் சுமார் 3,600 சுற்று சுற்றும். நாலாயிரத்தில் இரைக்கிற எஞ்சினை இதில் பூட்டிக்கொண்டு கரூர் ரோட்டில் போனால், 100ஐத் தொட்டதுமே அதற்கு மேலே போக மிச்சம் ஒன்றும் இருக்காது.

எஞ்சினையும் எடையையும் பொருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம சென்னையே பெரிய உதாரணம் தந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1985இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000. உடல், 1976இல் வந்த ரோவர் எஸ்.டி.1. ஃபெராரி டேடோனாவைப் பார்த்து வரைந்த மூக்கு, 1977இன் ஐரோப்பியச் சிறந்த கார் விருது. இங்கிலாந்தில் அதற்குள் இருந்தது 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர், 155 குதிரைத்திறன். இங்கே உள்ளே வைத்தது ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து நாலு சிலிண்டர், 1991 சிசி, சுமார் 83 குதிரைத்திறன்.

அந்த எஞ்சினைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. அதன் சிலிண்டர் லைனர்கள் தனியாகக் கழற்றக்கூடியவை. லைனரையும் பிஸ்டனையும் மாற்றினாலே கொள்ளளவு மாறும். 85 மி.மீ. போட்டால் 2088 சிசி, அது வேன்கார்டு கார். அதே குடும்பம்தான் சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது. 83 மி.மீ. போட்டால் 1991 சிசி, ரெண்டு லிட்டர் ரேஸ் பிரிவுக்குள் அடங்கும். 1953இல் டிரையம்ஃப் டி.ஆர்.2 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இதே 1991 சிசி, ரெண்டு கார்புரேட்டரோடு 90 குதிரைத்திறன் தந்தது. வண்டி 900 கிலோ பக்கம், 160 கி.மீ.யைத் தாண்டி ஓடியது. டன்னுக்கு 100. ஸ்டாண்டர்டு 2000இன் எடை 1,300 கிலோவைத் தொடும்; டன்னுக்கு 64. எஞ்சின் மேல் தப்பில்லை, தூக்கச் சொன்ன சுமைதான் தப்பு. 1988க்குள் கதை முடிந்தது.

டீசல் போடுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்ரோல் விலைக்குப் பயந்து பழைய காருக்குள் மேட்டடார் டீசல் எஞ்சினை வைப்பது ஒரு காலத்தில் சர்வசாதாரணம். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிற டாக்ஸிக்கு அது நியாயம். கீழ்ச் சுற்றிலேயே இழுவை கிடைக்கும், முக்கித்தக்கி ஏறிவிடும். ஸ்போர்ட்ஸ் காருக்கு அது கல்லைக் கட்டிவிட்ட மாதிரி. கனமெல்லாம் முன் அச்சில் இறங்கி, மூக்கு தொங்கி, ஸ்டியரிங் கனத்துவிடும்.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுகிற அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். பிறப்பால் ஒரே எஞ்சின்தானே சார் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் வம்சாவளி சொல்லிப் பயனில்லை. காகிதத்தில் ஒன்று எம்.ஜி., இன்னொன்று ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்.

2021இல் இன்னொரு விதி வந்தது. 50 வயது தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிந்து 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர் வாங்கலாம். ஆனால் வண்டி மூல வடிவத்தில் இருக்கணும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. எம்.ஜி.ஏ. எல்லாமே 60ஐத் தாண்டியவை. அம்பாசடர் பிளாக்கை வைத்த அன்றைக்கே அந்த வாசல் கிட்டத்தட்ட அடைபடும்.

ஆகவே வெடித்த பிளாக்காக இருந்தாலும் எடைக்குப் போடாதீர்கள். லேத் பட்டறையில் காட்டி, லைனர் இறக்க முடியுமா, விரிசலைத் தைக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, ஷெட்டில் வையுங்கள். எம்.ஜி.யின் எஞ்சின் நம்பர் பிளாக்கில் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் இருக்கும். அதைப் பிடுங்கி அம்பாசடர் பிளாக்கில் அடித்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.